நடுவழியில் சிக்கிய கியர்

சாலையோரம் ஓர் அம்பாசிடர் மகிழுந்து நிற்கிறது. ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் திறக்கிறார். கையை உள்ளே விட்டு எதையோ இழுத்து அசைக்கிறார். மூடிவிட்டு வந்து அமர்ந்து, ஒன்றும் நடவாததுபோல் வண்டியைச் செலுத்துகிறார். மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் முன் அம்பாசிடர் வாடகைக்கார்கள் நின்ற காலத்தைக் கண்ட முதியோரிடம் கேட்டுப் பாருங்கள். ‘கியர் மாட்டிக்கொண்டது’ என்று ஒரே சொல்லில் விடை தருவர்.

1950களின் இறுதியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் வெளியிட்ட அம்பாசிடர், ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவியது. அதன் கியர்க்கோல் நெடுங்காலம் ஸ்டீரிங் தண்டின் பக்கவாட்டிலேயே இருந்தது. கோல் தரையில் இல்லாததால் முன்னிருக்கை நீண்ட பலகைபோல் அமைந்தது; ஓட்டுநருக்கு அருகில் இருவர் அமரலாம். குடும்பத்தோடு திருவிழாவுக்குச் செல்வோருக்கு இது பெரிய வசதிதான். ஆனால், வசதிக்கு ஒரு விலை உண்டு. தரைக்கோல் கியர்ப்பெட்டிக்குள் நேரே இறங்கும். தண்டுக்கோலின் அசைவோ பல கம்பிகளையும் மூட்டுகளையும் கடந்தே பெட்டியை அடையும்.

அமெரிக்கர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். கிரைஸ்லர் நிறுவனம் 1956ஆம் ஆண்டு வண்டிகளில் கோலையே நீக்கிவிட்டுப் பொத்தான்களை வைத்தது. பொத்தானை அழுத்தினால் உறைக்குள் ஓடும் கம்பிவடம் நகர்ந்து, தானியங்கிக் கியரை மாற்றும். 1964ஆம் ஆண்டு வண்டிகளோடு அம்முறை நின்றது. அவ்வண்டிகளைப் பேணுவோர் இன்று சந்திக்கும் தொல்லையும் நம் அம்பாசிடரின் தொல்லையும் உடன்பிறப்புகள்: கைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வழி இறுகிப்போவது.

தண்டுக்கோலுக்கு இரண்டு அசைவுகள் உண்டு. கோலை நம்மை நோக்கி இழுப்பதும் விடுவதும் எந்தக் கியர் வரிசை என்பதைத் தேர்கின்றன. மேலும் கீழும் தள்ளுவது அவ்வரிசையில் ஒரு கியரை விழச் செய்கிறது. இவ்விரு அசைவுகளையும் கொண்டுசெல்லும் கம்பிகளின் தொகுதியைப் பட்டறையில் ‘லிங்கேஜ்’ என்பர். ஒவ்வொரு மூட்டிலும் ‘புஷ்’ எனப்படும் சிறு வளையம் உண்டு. அது தேய்ந்தால் மூட்டு ஆடும். தேர்வசைவு குறைபட்டு, உள்ளேயுள்ள விரல் இரு வரிசைகளுக்கும் நடுவே நின்றுவிடும். இரண்டு கியர்கள் ஒருசேர விழுந்தால் பற்கள் நொறுங்கும் என்பதால், பெட்டிக்குள் ஒரு தடைப்பூட்டு வைத்திருக்கிறார்கள். விரல் நடுவில் நின்றதும் பூட்டு எப்பக்கமும் வழிவிடாது. ஓட்டுநர் முன்மூடியைத் திறந்து அசைத்தது, அந்த விரலை உரிய வரிசைக்குத் திருப்பத்தான்.

கோடையில் வைகை மணலும் செம்மண் புழுதியும் பறக்கும் மதுரைச் சமவெளியில் இத்தேய்வு விரைவுபடும். மூட்டில் தடவிய பழைய கிரீசில் புழுதி ஒட்டினால் அது உராய்வைத் தணிக்காது. அரத்தூள்போல் உலோகத்தைத் தின்னும். எனவே, கிரீசின்மேல் மேலும் கிரீசை அப்புவது வீண்வேலை.

கியர் சிக்கியதும் பெட்டியைப் பிரிக்கச் சொல்வோர் உண்டு. நாள்களும் பணமும் கரையும் அவ்வேலைக்கு முன் ஓர் எளிய சோதனை போதும். இயந்திரத்தை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். பெட்டியின் புயத்திலிருந்து கம்பியைக் கழற்றி, புயத்தைக் கையால் அசைக்க வேண்டும். அது தடையின்றி நகர்ந்தால் பெட்டிமேல் குற்றமில்லை. இயந்திரம் நின்றிருக்கும்போது எளிதாக விழும் கியர், ஓடும்போது மட்டும் கரகரத்து முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதும் விடுபடவில்லை என்று ஐயுறலாம். கோலைப் பலங்கொண்டு தள்ளுவது மட்டும் கூடாது. கம்பி வளைந்துவிட்டால் சிறு கோளாறு பெருங்கோளாறாகும். 2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றபின் பழுதற்ற கம்பி கிடைப்பதும் அரிதாகிவிட்டது.

புஷ் அப்படியன்று. பித்தளையில் அதைக் கடைந்து தர ஒரு லேத் பட்டறை போதும். மதுரைக்கு இது புதிய கலையுமன்று. 1911இல் இந்நகரில் டி.வி.எஸ். நிறுவனத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவால் வண்டியோட்டும் கருவிகளைச் செய்தளித்தார். இல்லாத பொருளுக்காகக் காத்திராமல் இருப்பதைக் கொண்டு வண்டியை ஓடவைக்கும் பழக்கம் அன்றே இங்கு இருந்தது.

மூட்டுகளை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, புதிய புஷ் இட்டு, கிரீசை மெல்லிதாகப் பூசியபின் ஒரு வேலை எஞ்சுகிறது. கோலும் பெட்டியும் நடுநிலையில் இருக்கும்போது கம்பியின் முனை, புயத்தின் துளையில் தானே பொருந்த வேண்டும். பொருந்தாவிடில், முனையிலுள்ள மரையைத் திருகி நீளத்தைச் சரிசெய்வர். பின்னர், இயந்திரத்தை இயக்காமலே நான்கு கியர்களையும் பின்செல் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் சக்கரத்தடியிலுள்ள கட்டையை எடுக்க வேண்டும்.