யார் யாரோடு மோதுவது?

மணலூர்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்து, ஒன்றாகக் கபடி பழகிய இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் திருவண்ணாமலையில் கலைக் கல்லூரியில் சேர்கிறார், மற்றவர் கள்ளக்குறிச்சியில். முன்னவரின் கல்லூரி வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பின்னவருடையதும் 2021 வரை அப்படித்தான். அந்த ஆண்டு விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. ஒரே பல்கலைக்கழக அணியில் ரெய்டு போயிருக்கக்கூடிய இருவர், அன்றிலிருந்து எதிரெதிர் அணிக்காரர்கள்.

இனி அவர்கள் சந்திக்க வேண்டுமானால் தென்மண்டலப் போட்டிக்குப் போக வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து இப்போட்டிகளை நடத்துகிறது. ஏன் இந்தப் பிரிவினை? கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

ஒரு மண்டலத்துக்கு மட்டுமே நூறு அணிகள் வருவதாகக் கொள்வோம். எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை மோதும் லீக் முறையில் 4,950 ஆட்டங்கள். ஆண்கள் கபடி 40 நிமிடம். ஒரே ஆடுகளத்தில் இரவு பகல் ஓயாமல் ஆடினாலும் 137 நாளுக்கு மேல் ஆகும். பருவத் தேர்வே வந்துவிடும்! தோற்றவர் வெளியேறும் நாக் அவுட் முறையிலோ 99 ஆட்டம் போதும். ஒவ்வோர் ஆட்டமும் ஒரே ஓர் அணியை ஊருக்கு அனுப்புகிறது. நூறில் ஒன்று மிஞ்ச 99 அணி தோற்றாக வேண்டும். அட்டவணையை எப்படிக் கலைத்துப் போட்டாலும் இந்த எண் மாறாது.

ஆனால் நாக் அவுட்டில் ஒரு நாள் கால் சறுக்கினால் ஓராண்டுப் பயிற்சி வீண். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான்கு அணிகள் மிஞ்சும்வரை நாக் அவுட், பிறகு அந்த நான்குக்குள் லீக். மொத்தம் 102 ஆட்டம். கூடுதலாக மூன்றே ஆட்டத்தில் தரவரிசைக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. முந்தைய ஆண்டின் வலுவான அணிகளை அட்டவணையின் வெவ்வேறு கால்பகுதிகளில் வைப்பதால், அவை தொடக்கத்திலேயே மோதிக்கொள்வதும் இல்லை.

புதிய அணிகளைச் சேர்ப்பதிலும் இதே கணக்குதான். 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கிய புரோ கபடி, 2017இல் தமிழ் தலைவாஸ் உட்பட நான்கு அணிகளைச் சேர்த்தது. அணிகள் ஒன்றரை மடங்கு ஆயின. லீக் ஆட்டங்களோ 56இலிருந்து 132 ஆயின. பன்னிரண்டு அணிகளையும் இரு பிரிவாக்கி, ஒவ்வோர் அணிக்கும் தன் பிரிவுக்குள் 15 ஆட்டம், வெளியே 7 ஆட்டம் என்று வகுத்தார்கள். பக்கத்து மாநிலங்களின் போட்டி அடிக்கடி வந்தால்தானே அரங்கம் நிறையும்?

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் பக்கத்து ஊர் என்ற இந்தப் பிணைப்பையே தொலைக்காட்சிப் பணம் அறுத்துவிட்டது. 1915இல் தொடங்கிய மேற்குக் கரைக் கூட்டமைப்பில் இருந்த பன்னிரண்டு பல்கலைக்கழகங்களில் பத்து 2024இல் வெளியேறின. ஒளிபரப்பு ஒப்பந்தம் பெரிதாக இருக்கும் இடத்துக்கு அவை தாவின. பசிபிக் கரையோரத்து ஸ்டான்ஃபோர்டு இப்போது அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் உறுப்பினர். பாஸ்டன் கல்லூரியின் களத்தில் ஆட அதன் மாணவர்கள் 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போவதைவிட அதிகம். கால்பந்துக்காகப் போட்ட ஒப்பந்தம் கைப்பந்து, நீச்சல் மாணவர்களையும் சேர்த்தே இழுத்துப் போகிறது. திங்கட்கிழமை காலை வகுப்பு மட்டும் கலிபோர்னியாவிலேயே இருக்கிறது.