ஒரு சிட்டிகை அயோடின்

இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் பலருக்கும் முன்கழுத்துக் கழலை இருந்தது. 1956-இல் அங்கே ஆய்வைத் தொடங்கிய டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர், இரண்டு பகுதிகளுக்கு அயோடின் உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் கொடுத்தார்கள். அயோடின் உப்பு சாப்பிட்ட ஊர்களில் சில ஆண்டுகளில் கழலை வெகுவாகக் குறைந்தது.

தைராய்டு சுரப்பி தரும் தைராக்ஸின் ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் போதாவிட்டால் அந்தச் சுரப்பி வீங்கிக் கழலையாகும், ஹார்மோனும் குறையும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர இந்த ஹார்மோன் வேண்டும். தாய்க்குக் கடும் பற்றாக்குறை என்றால், பிள்ளையின் அறிவுத்திறனும் செவித்திறனும் பாதிக்கப்படலாம்.

பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிகளுக்கு 250. அயோடின் வீணாகாமலிருக்க உப்பை மூடிவையுங்கள். குழம்பை இறக்கும்போது போடுங்கள்.