இரவில் கஞ்சியும் ஊறுகாயும் மட்டும் போதுமா?

செங்காங்கில் பல வீடுகளில் மூன்று தலைமுறையினர் ஒன்றாக வாழ்கின்றனர். பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் தாத்தா பாட்டிதான். பிள்ளைகளுக்கு மீன் பொரித்து, முட்டை வேகவைத்து, பருப்பு கடைந்து கொடுக்கும் பாட்டி, இரவில் தமக்கென்று ஒரு கிண்ணம் கஞ்சியும் ஒரு துண்டு ஊறுகாயும் எடுத்துக்கொள்கிறார். “வயசாச்சு, எனக்கு இது போதும்” என்கிறார்.

சிலருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருப்பார். எண்ணெயையும் குறைக்கச் சொல்லியிருப்பார். எதைச் சாப்பிடுவது என்று குழம்பி, “கஞ்சி என்றால் ஆபத்தில்லை” என்று முடிவு செய்துவிடுகின்றனர்.

கஞ்சி நல்ல உணவுதான். மெல்லச் சிரமப்படுபவர்களுக்கும் பசி குறைந்தவர்களுக்கும் அது ஏற்றது. ஆனால் வெறும் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் நாள்தோறும் இரவு உணவாகிவிட்டால், மூத்தோருக்கு மூன்று சிக்கல்கள் ஏற்படக்கூடும்.

மூன்று சிக்கல்கள்

முதலாவது, புரதக் குறைவு. வயது கூடக்கூட நம் தசைகள் மெலிகின்றன. அதைத் தடுக்க உடற்பயிற்சியும் போதிய புரதமும் தேவை. ஒரு கிண்ணம் வெறும் கஞ்சியில் சுமார் 3 கிராம் புரதமே இருக்கும். ஒரு முட்டையில் மட்டும் ஏறத்தாழ 6 கிராம் உள்ளது. தசை பலவீனமானால் நாற்காலியிலிருந்து எழுவது, பேருந்தில் ஏறுவது, சந்தைப் பையைத் தூக்குவது எல்லாம் கடினமாகும். கீழே விழும் அபாயமும் கூடும்.

இரண்டாவது, இரத்தச் சர்க்கரை. அரிசியைக் குழையக் குழைய வேகவைக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்து எளிதில் செரிக்கும் நிலைக்கு மாறுகிறது. அதனால் சர்க்கரை விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. கஞ்சியை அரைத்து மையாக்கினால் அந்த வேகம் மேலும் கூடும். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு தேசிய சராசரியைவிட அதிகமாக இருப்பதால், நாம் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

மூன்றாவது, உப்பு. கஞ்சிக்குச் சுவை இல்லை என்பதால் ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றைத் தொட்டுக்கொள்கிறோம். இவை அனைத்தும் உப்பிட்டுப் பதப்படுத்தியவை. ஒருவர் ஒரு நாளில் 2,000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் உட்கொள்ளக் கூடாது. அது சுமார் ஒரு தேக்கரண்டி உப்புக்குச் சமம். 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூர்வாசிகள் சராசரியாக நாளொன்றுக்கு 3,600 மில்லிகிராமுக்கும் அதிகமான சோடியத்தை உட்கொண்டனர். அளவுக்கு மிஞ்சிய உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. நாளடைவில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கிறது.

நம் மரபிலேயே விடை இருக்கிறது

ரமலான் மாதத்தில் வழங்கப்படும் நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமியா சூலியா பள்ளிவாசல் போன்ற இடங்களில் அது பெரிய பாத்திரங்களில் காய்ச்சப்படுகிறது. அரிசியுடன் பருப்பு, இறைச்சி, வெந்தயம், இஞ்சி, பூண்டு, வெங்காயம் எல்லாம் சேர்கின்றன. நாள் முழுவதும் உண்ணாமல் இருந்தவருக்கு வெறும் அரிசித் தண்ணீர் போதாது என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். அந்த வழக்கத்தை நம் இரவுக் கஞ்சிக்கும் கொண்டுவரலாம்.

முழுமையான கஞ்சி: இருவருக்கு

தேவையானவை:
• பழுப்பரிசி கால் கோப்பை, வெள்ளை அரிசி கால் கோப்பை
• பாசிப்பருப்பு கால் கோப்பை
• வெந்தயம் அரை தேக்கரண்டி
• முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி
• முட்டை இரண்டு, அல்லது முள் நீக்கிய மீன்
• இஞ்சி, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கறிவேப்பிலை
• எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி
• எலுமிச்சை பாதி

செய்முறை:
1. பழுப்பரிசியையும் வெந்தயத்தையும் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ஊறினால் சீக்கிரம் வேகும்.
2. வெள்ளை அரிசி, பருப்பு, இஞ்சி ஆகியவற்றையும் சேர்த்து, போதிய தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வேகவையுங்கள். பருக்கை மிருதுவாக இருந்தால் போதும், கரைந்துபோக வேண்டாம்.
3. குக்கரைத் திறந்தபின் கொதிக்கும் கஞ்சியில் கீரையைச் சேர்த்து, மூடி வைத்து மூன்று, நான்கு நிமிடம் மட்டும் வேகவிடுங்கள்.
4. மீன் சேர்ப்பதானால் சிறு துண்டுகளாகக் கீரையுடனேயே போட்டு, முழுவதும் வெந்ததா என்று பாருங்கள். முட்டையை அடித்து ஊற்றிக் கிளறலாம், அல்லது தனியே வேகவைத்துச் சேர்க்கலாம்.
5. எண்ணெயில் சீரகம், மிளகு, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.
6. அடுப்பை அணைத்த பிறகு உப்பும் எலுமிச்சைச் சாறும் சேருங்கள்.

முட்டை சேர்த்த கஞ்சி ஒருவருக்குச் சுமார் 15 கிராம் புரதம் தரும். வெறும் கஞ்சியைப்போல் அது ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இந்தச் செய்முறை ஏன்?

கீரையைக் கடைசியில் சேர்ப்பது: வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற சத்துகள் தண்ணீரில் கரைபவை, நீண்ட நேரச் சூட்டில் குறைபவை. கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டும்போது அவற்றில் ஒரு பகுதி போய்விடுகிறது. கஞ்சியில் அந்தத் தண்ணீரையும் நாம் குடித்துவிடுகிறோம்.

எலுமிச்சை சேர்ப்பது: கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. புளிப்பு நாக்கில் இருக்கும்போது குறைந்த உப்பும் போதுமானதாகத் தோன்றும். உணவோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து ஈர்க்கப்படுவது குறையும். ஆகவே, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

உப்பைக் கடைசியில் சேர்ப்பது: அப்போது அது மேலாகவே இருந்து நாக்குக்கு நன்றாகத் தெரியும். அதனால் குறைவாகப் போட்டாலே போதும். நாக்கு குறைந்த உப்புக்குப் பழகச் சில வாரங்கள் ஆகலாம். ஒரே நாளில் நிறுத்திவிடாமல் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சுவைக்கட்டியிலும் பெரும்பங்கு உப்புதான் என்பதை மறக்க வேண்டாம்.

தேங்காய்ப்பால் விரும்புபவர்கள் அளவாகச் சேருங்கள். அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். பாதித் தேங்காய்ப்பாலும் பாதிக் கொழுப்பு குறைந்த பாலும் கலந்தாலும் சுவை குறையாது.

பழைய சோறு பற்றி ஒரு வார்த்தை

மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் மேடையில் வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சமைத்த சோற்றிலும் உயிர் தப்பும் ஒருவகைக் கிருமி, நம் ஊர் வெப்பத்தில் வேகமாகப் பெருகும். அது வெளியிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் மூத்தோரை விரைவில் தளர்த்திவிடும். எனவே மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சாப்பிடும் முன் ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

எங்கே வாங்கலாம்?

முருங்கைக்கீரைக்குத் தேக்கா சந்தைக்குப் போகும் பழக்கம் பலருக்கு உண்டு. செல்ல முடியாத வாரத்தில் அருகிலுள்ள கடையில் கிடைக்கும் பசலைக்கீரையோ சைசிம் கீரையோ போதும். மீன், செங்காங்குக்குப் புதிதல்ல; இன்று எல்ஆர்டி நிலையப் பெயராக நாம் அறியும் காங்கார், முன்பு ஒரு மீன்பிடிக் கிராமம். சைவ உணவு உண்பவர்கள் மீன், முட்டைக்குப் பதிலாகத் தோஃபுவையோ கூடுதல் பருப்பையோ சேர்க்கலாம்.

முதலில் மருத்துவரைக் கேளுங்கள்

• சிறுநீரக நோய் இருந்தால், புரதத்தையும் கீரையையும் கூட்டும் முன் மருத்துவரிடம் அல்லது உணவியல் நிபுணரிடம் கலந்தாலோசியுங்கள். பொட்டாசியம் கலந்த குறைந்த-சோடிய உப்பு, சிறுநீரக நோயாளிகளுக்கும் சில இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் ஏற்றதல்ல.
• இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் உணவின் அளவைத் திடீரென மாற்ற வேண்டாம்.
• சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, பலதுறை மருந்தகத்தில் அல்லது உங்கள் குடும்ப மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பேரப்பிள்ளைக்கு முட்டை வேகவைக்கும்போது, அதே பாத்திரத்தில் உங்களுக்கும் ஒன்று போடுங்கள். அவர்கள் வளர அது தேவை. நீங்கள் அவர்களோடு நடந்து சென்று பள்ளியில் விட்டுவரவும் அது தேவை.