லேடாங் மலைக்கு ஜாசின் வழியாக

லேடாங் மலை ஏறப் போகிறவர்களில் பலர் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் தங்காக்கில் இறங்கி, நேரே சாகிலுக்கு வண்டியை விட்டுவிடுகிறார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் மலாக்கா நகரிலிருந்து ஆயர் குரோ, ஜாசின் என்று பழைய சாலையைப் பிடித்துப் போகிறவர்களுக்குத்தான் அந்த மலை யார் யார் வாழ்க்கையோடு ஒட்டியது என்று புரியும்.

ஜாசின் வட்டாரமெங்கும் இப்போது செம்பனை. கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி, புக்கிட் அசகான் என்ற பெயர்களைக் கேட்டாலே பழைய தோட்டக் குடும்பங்களுக்கு லயத்து வீடும் தோட்டத்துக் கோயிலும் நினைவில் வந்து நிற்கும். மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்ட முன்னோடியான டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லின்தாங்கில் கன்றுகளை நட்டார். அதன் பிறகு அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. விடியுமுன் மர நிரை பிடிக்கப் போன பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு, வெளிச்சம் வரும்போது கிழக்கே முதலில் தெரிந்தது லேடாங்தான். மலையின் உச்சி ஜொகூர் மாநிலத்தில் இருக்கிறது. மேற்கு அடிவாரமோ மலாக்காவின் அசகானில்.

நெடுநடை அசகானுக்குப் புதிதல்ல. 1967-இல் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளை முறையிடக் கோலாலம்பூர்வரை நடந்தே போனார்கள். ஜாசின் சாலையில் காரில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

1854-இல் இங்கே ரப்பரும் இல்லை, தார்ச்சாலையும் இல்லை. இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் மலாக்காவிலிருந்து ஆயர் பானாஸ் வழியாக, மலாய்க்காரர் ஆறு பேருடன் இந்த மலைக்கு வந்தார். வழியெல்லாம் அட்டை. ஒன்று அவர் கழுத்தோரத்தில் ஒட்டி வயிறு நிறையக் குடித்திருக்கிறது. நல்லவேளையாகக் கழுத்தின் பெரிய இரத்த நாளத்தை அது தவறவிட்டது. ‘பாடாங் பத்து’ என்ற பாறைச் சரிவில் தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் சொட்டு நீர் இல்லை. தாகம் தாளாமல், பூச்சிகள் மிதந்த கெண்டிச்செடிக் குடுவைகளில் இருந்த நீரையே எல்லாரும் குடித்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தாலும் குடிக்க நன்றாகவே இருந்தது என்று எழுதுகிறார் வாலஸ். 1869-இல் வெளிவந்த அவருடைய ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலில் இந்தப் பயணம் இருக்கிறது. ஆறு, எட்டு அடி உயரம் வளர்ந்த விசிறி போன்ற பெரணிகளை அங்கே கண்ட மகிழ்ச்சியும் அதில் இருக்கிறது.

மலையேறிகள் காத்திருப்பது வாலஸ் கண்டது போன்ற பாறைச் சரிவுகளுக்காகத்தான். லேடாங் 1,276 மீட்டர் உயரமுள்ள கருங்கல் மலை. பூமிக்கு அடியில் பாறைக் குழம்பு மெதுவாக ஆறி இறுகியதால் இதில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை. உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் சொரசொரப்பு உறைக்கும். மேலே அழுத்திக்கொண்டிருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் அரித்துப் போக, பாரம் குறைந்த கருங்கல் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக விரிகிறது. கைப்பிடி இல்லாத வளைந்த சரிவுகள் அப்படித்தான் உண்டாகின்றன.

இத்தகைய சரிவில் கையைவிடக் காலை நம்ப வேண்டும். புதியவர்கள் பயத்தில் உடம்பைப் பாறையோடு ஒட்டிக்கொள்வார்கள். அப்போதுதான் கால் வழுக்கும். இடுப்பைச் சற்று வெளியே தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, உடல் எடை முழுவதையும் பாதத்தின் மேல் நிறுத்தினால் சொரசொரப்பான கல் பிடித்துக்கொள்ளும். கல் காய்ந்திருக்க வேண்டும். மழை பெய்து பாசி ஊறிவிட்டால் அதே இடத்தில் கட்டிவைத்த கயிறுதான் துணை. சாகில் வழியில் செங்குத்தான இடங்களில் கயிறும் ஏணியும் உண்டு. கலிபோர்னியாவின் எல் காப்பித்தான் கருங்கல் சுவரின் ‘மூக்கு’ வழியை 1958-இல் முதன்முதலாக ஏறி முடித்தவர்களின் சாகசத்தோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் அங்கே தேவைப்படும் கால் நம்பிக்கையின் அரிச்சுவடியை இங்கேயே கற்கலாம்.

அனுமதி பெற்று, ‘மாலிம்’ எனப்படும் மலை வழிகாட்டியுடன் அதிகாலையிலேயே கிளம்ப வேண்டும். மதிய மழைக்கு முன் பாறைப் பகுதியைக் கடந்துவிடுவது புத்திசாலித்தனம்.

சுல்தானிடம் பொன் பாலமும் வெள்ளிப் பாலமும் கேட்ட லேடாங் இளவரசியின் கதை மலேசியப் பிள்ளைகளுக்குத் தெரியும். வாலஸ் நடந்ததும் அசகான் தொழிலாளர்கள் நடந்ததும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் பள்ளி விடுமுறையில் ஒரு பேருந்து பிடித்து, ஜாசின் சாலை வழியாகவே பிள்ளைகளை அழைத்துப் போகலாம். உச்சிவரை ஏற முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு அடிவாரத்தில் அசகான் அருவி இருக்கிறது. தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தா பாட்டி யாராவது உடன் வந்தால், எந்த நிரையில் நின்று மலையைப் பார்த்தார்கள் என்று காட்டுவார்கள்.