ஊருக்குப் போகும் காருக்கு எந்த டயர்?

மே மாதப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மும்பைத் தமிழர்கள் பலர் ரெயிலை நம்பிக் காத்திருப்பதில்லை. டிக்கெட் கிடைக்கும் லட்சணம் அப்படி! தாராவியில் ஓடும் டாக்சியோ, செம்பூர் குமாஸ்தா தவணைக் கடனில் வாங்கிய சிறிய காரோ, குடும்பத்தோடு புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை என்று நெல்லைச் சீமைக்குக் கிளம்பிவிடுகிறது. தூரம் 1,500 கிலோ மீட்டருக்கு மேல். என்ஜின் ஆயிலைப் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்க்கிறார்கள். டயருக்கு மட்டும் காலால் ஓர் உதை, அதோடு சரி.

மும்பை நெரிசலில் 30, 40 கிலோ மீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் வரை தேய்ந்த டயரும் காலத்தைத் தள்ளிவிடும். நாற்கரச் சாலையில் கதை வேறு.

கொதிக்கும் சாலை

டயருக்குப் பெரிய எதிரி ஆணி அல்ல, சூடுதான். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அதில் சூடு பிறக்கிறது. சுமையும் வேகமும் கூடக்கூட அந்தச் சூடும் ஏறி, கடைசியில் டயர் வெடிக்கிறது. "வெயில் காலம், காற்றைக் குறைத்து வையுங்கள்" என்று யோசனை சொல்வோர் எல்லா டாக்சி ஸ்டாண்டிலும் உண்டு. காதில் போட்டுக்கொள்ளவே கூடாத யோசனை அது! ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முழுச் சுமைக்கு எத்தனை பவுண்டு காற்று என்று அதில் இருக்கிறது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்குப் பிடிக்க வேண்டும்.

டயரின் ஜாதகம்

புதிய டயர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பக்கவாட்டில் உள்ள எழுத்தைத்தான். '165/80 ஆர் 14 85 எஸ்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 165 என்பது மில்லி மீட்டரில் அகலம். அந்த அகலத்தில் 80 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். 'ஆர்' என்றால் ரேடியல். 14 என்பது வளையத்தின் குறுக்களவு, அங்குலத்தில். 85 என்ற எண்ணுக்கு ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். 'எஸ்' என்றால் 180 கிலோ மீட்டர் வேகம் வரை. கார் கம்பெனி கொடுத்ததை விடச் சுமை எண் குறைந்த டயரை மலிவு என்று மாட்டக் கூடாது. மும்பையில் பல கார்கள் சி.என்.ஜி.யில் ஓடுகின்றன. பின்னால் இருக்கும் சிலிண்டரின் கனமே 50 கிலோவைத் தாண்டும். அதன் மேல் ஐந்து பேர், அரிசி மூட்டை, ஊரில் கொடுக்க வாங்கிய சாமான்கள்!

இன்னொரு நான்கு இலக்க எண்ணும் உண்டு. '2324' என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பல ஆண்டு கடையில் கிடந்த டயர், ஓடாமலே ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

அகல டயரும், காட்டுப் பாதைக்கான முரட்டுப் பட்டை டயரும் இப்போது மோஸ்தர். தார்ச்சாலையில் மட்டும் ஓடும் சிறிய காருக்கு அவை வீண் செலவு. இரைச்சல் கூடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். சாதாரண நெடுஞ்சாலை டயர், டியூப் இல்லாத ரகம் போதும். ஆணி குத்தினாலும் அதில் காற்று மெல்லத்தான் இறங்கும். பஞ்சர் கடையில் அதற்குள் டியூபைத் திணிக்க மட்டும் சம்மதிக்க வேண்டாம். இரண்டும் உரசிச் சூடேறும்.

பள்ளம் வெட்டிய டயர்

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய டயர் வாங்குவோர் ஏராளம். தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கறுப்புச் சாயம் பூசி விற்பது உண்டு. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நல்ல டயரில் பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழமான 1.6 மில்லி மீட்டரைக் காட்டுபவை அவை. பள்ளம் வெட்டும்போது அந்த மேடுகளும் போய்விடும். மேடு இல்லாத டயரைத் தொடவே வேண்டாம்.

திரும்பும்போது மழை

ஜூனில் பள்ளி திறக்கத் திரும்பும்போது மும்பையில் மழை பிடித்துக்கொள்ளும். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் டயர் தண்ணீரை விலக்கித் தரையைப் பிடிக்கும். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் மாட்ட வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

சாமான் ஏற்றும் முன் ஸ்டெப்னியிலும் காற்றுப் பார்த்துவிடுவது நல்லது. ஏற்றிய பிறகு அது அரிசி மூட்டைக்கு அடியில் போய்விடும்.