உளவியலாளரின் தொழிலறமும் பொறுப்புகளும்

ஒரு நாட்டின் வளர்ச்சிக்கு அதன் மக்களின் உடல்நலம் போலவே மனநலமும் அடிப்படையாகும். நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் தலைமையில் 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்டோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுக்கு உட்பட்டிருந்தனர். கோளாறின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. இக்குறையைப் போக்க உளவியலாளர்களின் எண்ணிக்கை பெருகவேண்டும் என்பது பலரும் கூறுவதே. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது; அவர்களை மக்கள் நம்பி நாடவேண்டும். அந்நம்பிக்கைக்கு ஆதாரமாக இருப்பது தொழிலறம்.

இதற்குப் பொருளாதார நோக்கிலும் விளக்கம் உண்டு. துணி வாங்குபவர் அதன் தரத்தைத் தொட்டுப் பார்த்து அறியலாம். சிகிச்சை பெறுபவருக்கு அது இயலாது. இவ்வேற்றுமையைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். வாங்குபவரால் தரத்தை மதிப்பிட முடியாத இடத்தில் சந்தைப் போட்டி தானாகவே தரத்தைக் காத்துவிடாது. சட்டமும் தொழிலறமுமே அப்பணியைச் செய்யவேண்டும்.

சட்டம் வகுக்கும் எல்லை

உளவியலாளர், மனநல மருத்துவர் ஆகிய இருவரையும் ஒருவராகவே கருதும் வழக்கம் நம்மிடையே உள்ளது. மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித்தரும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர் உளவியல் சோதனைகளாலும் உரையாடல் வழிச் சிகிச்சையாலும் உதவுபவர். மருத்துவ உளவியலாளர்களின் பயிற்சியையும் பதிவையும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் நெறிப்படுத்துகிறது. தம் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ எவரும் பரிந்துரைக்கக் கூடாதென 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு விதிக்கிறது. தம் திறனுக்கு அப்பாற்பட்ட நிலையில் வருபவரை உரியவரிடம் அனுப்பிவைப்பது குறைபாடன்று, அதுவே முதற்கடமை.

இரகசியம் காத்தல்

உளவியலாளரிடம் ஒருவர் கூறுவது, பெரும்பாலும் தம் குடும்பத்தாரிடமும் கூறாத செய்தியாகும். அது வெளியே கசிந்தால் திருமணம், வேலை, உறவு அனைத்தும் பாதிக்கப்படலாம். எனவே மேற்கூறிய சட்டத்தின் 23ஆம் பிரிவு, இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவே அறிவித்துள்ளது.

இவ்வுரிமைக்கு வரம்புகளும் உண்டு. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்கவும், உயிருக்கு நேரும் ஆபத்தைத் தவிர்க்கவும், நீதிமன்றம் போன்ற உரிய அமைப்பு ஆணையிடும்போதும் தேவையான அளவு செய்தியை மட்டும் வெளியிடலாம். குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளானதை அறிய நேர்ந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயமாகும்.

இவ்வரம்புகளை எப்போது கூறுவது? முதல் சந்திப்பிலேயே, எளிய சொற்களில் கூறிவிட வேண்டும். அனைத்தையும் கேட்டறிந்த பின்னர், “இதை நான் பிறரிடம் சொல்லியாக வேண்டும்” என்பது, சட்டப்படி சரியாயினும் நம்பிக்கைத் துரோகமாகவே உணரப்படும். முன்னரே அறிந்து அளிக்கும் ஒப்புதலே உண்மையான ஒப்புதல்.

ஊதியம் தருபவரும் உதவி நாடுபவரும்

தொழிலறம் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் நிறுவனங்களாகும். ஒரு தொழிற்சாலை, அடிக்கடி விடுப்பெடுக்கும் தொழிலாளி ஒருவரைத் தன் உளவியலாளரிடம் அனுப்புவதாகக் கொள்வோம். குடும்பச் சண்டையையும் குடிப்பழக்கத்தையும் அவர் மனம்விட்டுக் கூறுகிறார். பின்னர் பணியாளர் அதிகாரி அறிக்கை கேட்கிறார். ஊதியம் தருவது நிர்வாகம். நம்பிக்கை வைத்தவர் தொழிலாளி. உளவியலாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

சிகிச்சையும் மதிப்பீடும் வெவ்வேறு பணிகள் என்பதே இதற்கு விடை. சிகிச்சைக்கு வந்தவரின் ஒப்புதலின்றி அவர் கூறியதை நிர்வாகத்திடம் தரலாகாது. பணித்தகுதியை மதிப்பிடுவதே நோக்கமாயின், அதைத் தொடக்கத்திலேயே தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். அறிக்கையும் பணித்தகுதி பற்றிய கேள்விக்கு மட்டுமே விடையளிக்க வேண்டும். வீட்டுச் செய்திகளுக்கு அதில் இடமில்லை. இயன்றவரை இவ்விரு பணிகளையும் ஒருவரே மேற்கொள்ளாதிருப்பது நன்று. பள்ளி முதல்வர் மாணவரைப் பற்றிக் கேட்கும்போதும் இக்கவனம் தேவை.

சோதனைகளும் உறவின் எல்லையும்

நுண்ணறிவுச் சோதனை ஒன்றின் மதிப்பெண், குழந்தையின் கல்வி வாய்ப்பையே மாற்றக்கூடும். வேறொரு நாட்டு நகரக் குழந்தைகளைக் கொண்டு தரப்படுத்திய சோதனையை, நம் சிற்றூர்க் குழந்தைக்கு மொழிபெயர்த்து மட்டும் பயன்படுத்தினால், அது அறிவை அளக்காது, பழக்கமின்மையையே அளக்கும். ஆகவே சோதனையின் வரம்பை அறிக்கையில் குறிப்பிடுவதும் கடமையாகும். அவ்வாறே, சிகிச்சை பெறுபவருடன் கடன், வணிகம், காதல் போன்ற வேறு உறவுகளை ஏற்படுத்திக்கொள்வது, அவரது தளர்ந்த மனநிலையைத் தம் நலனுக்குப் பயன்படுத்துவதாகும்.

1982ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய மனநலத் திட்டமும், 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையும் உதவியை மக்களுக்கு அருகே கொண்டுவர முனைந்துள்ளன. உளவியலாளர்களைப் பணியமர்த்தும் அலுவலர்கள் தனியறை, பூட்டிவைக்கத்தக்க கோப்புகள், தேவையற்ற தகவல் கேட்காத நிர்வாகம் ஆகியவற்றையும் உறுதி செய்யவேண்டும். கதவில்லாத அறையில் அமர்த்தப்பட்ட உளவியலாளர் எத்துணை அறநெறி உடையவராயினும், அவரிடம் எவரும் மனம் திறக்கமாட்டார்.