பாட்டு வளர்த்த பிள்ளைகள்

லண்டன் பொருட்காட்சி சாலையில் 270 ஆண்டுப் பழைய கச்சேரி

லண்டன் மாநகரில் பிரன்ஸ்விக் சதுக்கம் என்று ஓர் இடம். அங்கே 40-ம் எண் கட்டிடத்தில் ஒரு சிறிய பொருட்காட்சி சாலை இருக்கிறது.

அதன் பெயர் 'பவுண்ட்லிங் மியூசியம்'. பெற்றவர்களால் கைவிடப்பட்டு, பிறரால் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு ஆங்கிலத்தில் 'பவுண்ட்லிங்' என்று பெயர்.

நாள் முழுவதும் நடந்தாலும் தீராத பிரிட்டிஷ் மியூசியம் போன்றதல்ல இது. ஒரு பிற்பகலில் பார்த்து விடலாம். ஆனால் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. படங்கள் தொங்கும் கூடத்தில் நாற்காலி போட்டு, இங்கே பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். சரித்திரம் தெரிந்தவர்களை அழைத்துச் சொற்பொழிவும் நடத்துகிறார்கள்.

பழம்பொருள் வைக்கும் இடத்தில் கச்சேரி எதற்கு என்று யாரும் கேட்க முடியாது. இந்த இடம் ஒரு காலத்தில் பாட்டுக் கச்சேரியால் சோறு தின்ற இடம்!

கப்பல்காரர் கண்ட காட்சி

தாமஸ் கோரம் என்பவர் கப்பல் காப்டன். அமெரிக்காவில் கப்பல் கட்டும் தொழில் செய்தவர். ஊர் திரும்பி லண்டனில் குடியேறினார். வேலைக்குப் போகும் வழியில் அவர் கண்ட காட்சி அவரை உலுக்கி விட்டது.

சாலை ஓரத்தில் குழந்தைகள் கிடந்தன. சில உயிரோடு, சில உயிர் போய்.

இந்தக் குழந்தைகளுக்கு ஒரு விடுதி வேண்டும் என்று அவர் புறப்பட்டார். அவருக்குப் பிள்ளை கிடையாது. பெரிய படிப்போ, செல்வாக்கோ கிடையாது. பெரிய மனிதர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கினார். 'தவறான வழியில் பிறந்த குழந்தைகளுக்கு உதவினால் தவறு பெருகும்' என்று சொல்லிப் பலர் கதவைச் சாத்தினார்கள்.

கோரம் விடவில்லை. ஆண்களிடம் நடக்காத காரியத்தைப் பெண்களிடம் கொண்டு போனார். 21 சீமாட்டிகள் அவருடைய மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகுதான் சீமான்களுக்கும் துணிச்சல் வந்தது.

1739-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி அரசரின் அனுமதிப் பத்திரம் கிடைத்தது. கோரம் இதற்காக அலைந்தது 17 ஆண்டுகள்!

1741-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி முதல் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். 'பவுண்ட்லிங் ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரி என்றாலும் அது நோயாளிகளுக்கானது அல்ல. குழந்தைகளை ஏற்று வளர்க்கும் இல்லம்.

கறுப்புப் பந்து

வந்த குழந்தைகளுக்கெல்லாம் இடம் இல்லை. எனவே 1742-ம் ஆண்டு முதல் குலுக்கல் முறை வந்தது.

குழந்தையை ஏந்தி வரும் தாய், ஒரு பைக்குள் கை விட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால், நோய் இல்லாத குழந்தைக்கு இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையைத் தூக்கிக் கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

வெள்ளை எடுத்தவளும் அழுதாள். கறுப்பு எடுத்தவளும் அழுதாள். இதை வேடிக்கை பார்ப்பதற்குப் பட்டுடுத்திய சீமாட்டிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் சகிக்க முடியாத விஷயம்.

உள்ளே போன குழந்தைக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். பழைய பெயர் மறைந்தது. என்றாவது ஒரு நாள் தாய் திரும்பி வந்தால்? அடையாளம் காட்டுவதற்காக, குழந்தையோடு ஏதாவது ஒரு பொருளை வைத்து விட்டுப் போனார்கள்.

என்ன பொருள் வைப்பாள் ஏழைத் தாய்? தேய்ந்த காசு. பொத்தான். விரலுறை. ஒருத்தி பாதாம்கொட்டையைப் போன்ற ஒரு கொட்டையின் ஓட்டை வைத்தாள். பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. குழந்தையின் சட்டையிலிருந்து ஒரு துண்டுத் துணியைக் கத்தரித்துப் பதிவுத் தாளில் குத்தி வைத்தார்கள்.

1741 முதல் 1760 வரை சேர்ந்த குழந்தைகள் 16,000-க்கும் அதிகம். தாயோ உறவினரோ வந்து திரும்பப் பெற்றவை 152 மட்டுமே.

இசை மேதை வந்தார்

இத்தனை குழந்தைகளுக்குச் சோறு போடப் பணம் வேண்டுமே! அப்போதுதான் ஹாண்டல் வந்தார்.

ஜார்ஜ் பிரடெரிக் ஹாண்டல் ஜெர்மனியில் 1685-ம் ஆண்டு பிறந்தவர். லண்டனுக்கு வந்து பிரிட்டிஷ் பிரஜையானவர். கல்யாணம் செய்து கொள்ளாதவர். நல்ல சாப்பாட்டுப் பிரியர். மூக்குக்கு மேல் கோபம். ஊராருடைய குழந்தைகளுக்காக இவர் உருகுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1749-ம் ஆண்டு மே 27-ந் தேதி, இன்னும் வேலை முடியாத இல்லத்தின் கோவிலில் அவர் முதல் கச்சேரி நடத்திக் கொடுத்தார். வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் வந்தார்கள். அந்தக் கோவிலுக்கு 'ஆர்கன்' என்ற பெரிய காற்று வாத்தியம் ஒன்றைத் தருவதாகவும் ஹாண்டல் வாக்களித்தார்.

அடுத்த ஆண்டு மே 1-ந் தேதி நடந்ததுதான் பெரிய சம்பவம்.

ஹாண்டல் 1741-ம் ஆண்டில் 24 நாட்களில் இயற்றிய இசைக் காவியம் 'மெசையா'. அயர்லாந்தில் டப்ளின் நகரில் 1742-ம் ஆண்டு அரங்கேறியபோது பாராட்டு மழை பொழிந்தது. லண்டன்காரர்களோ அதை அவ்வளவாகக் கண்டு கொள்ளவில்லை. கூத்து மேடையில் ஏசுநாதர் கதையைப் பாடலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

அந்த 'மெசையா'வைத்தான் குழந்தைகள் இல்லத்தின் கோவிலில் பாட வைத்தார் ஹாண்டல். டிக்கெட் விலை அரை கினி. அதாவது 10 ஷில்லிங் 6 பென்ஸ். ஏழைகள் நெருங்க முடியாத தொகை. ஆண்கள் உடைவாள் இல்லாமலும், பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை இல்லாமலும் வரும்படி கேட்டுக் கொண்டார்கள். அப்போதுதானே இன்னும் நாலு பேருக்கு இடம் கிடைக்கும்!

அப்படியும் இடம் போதவில்லை. கூட்டம் அலைமோதியது. டிக்கெட் வைத்திருந்தவர்களே வாசலோடு திரும்ப நேர்ந்தது. மே 15-ந் தேதி இரண்டாம் முறை நடத்திச் சமாளித்தார்கள்.

அதிலிருந்து ஆண்டுதோறும் கச்சேரி. 1777-ம் ஆண்டு வரை நடந்த 'மெசையா' கச்சேரிகளால் இல்லத்துக்கு ஏறத்தாழ 7,000 பவுன் கிடைத்தது. லாபம் குழந்தைகளுக்கு மட்டும் அல்ல. லண்டன் மக்கள் 'மெசையா'வை நெஞ்சில் ஏற்றுக் கொண்டதும் இந்தக் கச்சேரிகளால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 'மெசையா' தங்களுக்கே சொந்தம் என்று பார்லிமெண்டில் சட்டம் செய்து கொள்ள இல்லத்து நிர்வாகிகள் மனு எழுதினார்களாம். ஹாண்டலுக்கு வந்ததே கோபம்! மனு அப்படியே மடிந்து போயிற்று என்று கதை சொல்வார்கள். ஆனால் கோபத்தை அவர் மனதில் வைத்துக் கொள்ளவில்லை. 'மெசையா'வின் இசைப் பிரதி ஒன்றை இல்லத்துக்குக் கொடுக்கும்படி உயில் எழுதினார்.

கடைசி ஆண்டுகளில் ஹாண்டலுக்குக் கண் பார்வை போய் விட்டது. 1759-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி அவர் காலமானார். அந்த ஆண்டுக் கச்சேரி நிற்கவில்லை. மே 3-ந் தேதி அவர் நினைவாக அதே கோவிலில் 'மெசையா' ஒலித்தது.

கூடைக் கணக்கு

இசையால் எல்லாம் சரியாகி விட்டது என்று எண்ண வேண்டாம்.

1756-ம் ஆண்டு பார்லிமெண்டு பண உதவி செய்தது. வருகிற குழந்தை எதையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை. வாசலில் ஒரு கூடையைத் தொங்க விட்டார்கள். ஜூன் 2-ந் தேதி, முதல் நாளே 117 குழந்தைகள்! நாலு ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்து சேர்ந்தன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இறந்து போயின. 1760-ம் ஆண்டில் அரசாங்கம் கையை விரித்து விட்டது.

பிழைத்த குழந்தைகள் கிராமத்துச் செவிலித் தாயிடம் வளர்ந்தார்கள். ஐந்து வயது வாக்கில் இல்லத்துக்குத் திரும்ப வேண்டும். பெற்றவளைப் பிரிந்த பிள்ளை, வளர்த்தவளையும் பிரியும். சோறும் துணியும் எழுத்தும் இல்லம் கொடுத்தது. மடியைக் கொடுக்க அதற்குத் தெரியவில்லை.

பாட்டு மட்டும் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் கோவிலில் பாடுவதைக் கேட்க ஊரே வரும். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கே இருக்கை ஒன்றை வாடகைக்கு வைத்திருந்தார். வாத்தியம் பயின்ற பையன்கள் பலர் ராணுவ பாண்டு கோஷ்டிகளில் சேர்ந்தார்கள்.

இன்று என்ன நடக்கிறது?

1926-ம் ஆண்டு இல்லம் லண்டனை விட்டு வெளியூர் போயிற்று. பழைய கட்டிடத்தை இடித்து விட்டார்கள். 1954-ம் ஆண்டில் பிள்ளைகளை விடுதியில் வைத்து வளர்க்கும் முறையும் முடிந்தது. அதுவரை வளர்ந்தவர்கள் சுமார் 25,000 பேர். கோரம் பெயரில் இயங்கும் தர்ம ஸ்தாபனம் குழந்தைகளுக்கான பணியை இன்றும் செய்து வருகிறது.

பொருட்காட்சி சாலை 2004-ம் ஆண்டு திறக்கப்பட்டது. பழைய நிர்வாக சபைக் கூடத்தின் சித்திர வேலைக் கூரையைப் பெயர்த்து எடுத்து வந்து இங்கே பொருத்தி இருக்கிறார்கள். ஓவியர் ஹோகார்த் 1740-ல் தீட்டிய காப்டன் கோரம் படம் இங்கே இருக்கிறது. மேல் மாடி முழுவதும் ஹாண்டலுக்கு. அவருடைய உயிலும் அங்கே உண்டு. சாய்வு நாற்காலிகளில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் காதருகே அவர் இசை கேட்கும்.

சொற்பொழிவு என்றால் தூக்கம் வரும் என்று நினைப்பவர்கள் இங்கே வர வேண்டும். 2010-ம் ஆண்டு அந்தத் துண்டுத் துணிகளை வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. ராணிகளின் பட்டுத்தான் மியூசியங்களில் இருக்கும். ஏழைப் பெண்கள் உடுத்திய துணி இந்தப் பதிவுத் தாள்களில்தான் இத்தனை ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது.

இல்லத்தில் வளர்ந்த கடைசித் தலைமுறைப் பிள்ளைகளும் வயதான காலத்தில் தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர்கள் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். கேட்பவர் கண் கலங்காமல் இருக்க முடியாது.

இன்னொரு வேலையும் நடந்து வருகிறது. 19-ம் நூற்றாண்டில் யாரோ ஒரு நிர்வாகி, அந்த அடையாளப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பதற்காகப் பதிவுத் தாள்களிலிருந்து பிரித்து எடுத்து விட்டார். எந்தக் காசு எந்தக் குழந்தையுடையது என்பது அத்துடன் மறைந்து போயிற்று. ஆராய்ச்சியாளர்கள் பழைய தாள்களைப் புரட்டி, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார்கள். சிலவற்றுக்குச் சொந்தக்காரக் குழந்தை கிடைத்திருக்கிறது.

இல்லம் இருந்த நிலத்தில் இப்போது குழந்தைகள் விளையாடும் மைதானம் இருக்கிறது. 'கோரம்ஸ் பீல்ட்ஸ்' என்று பெயர். பெரியவர்கள் தனியாக வந்தால் அனுமதி கிடையாது. கூட ஒரு குழந்தை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.